சிறிய ரேஞ்சரும் அவர் ஏறும் விலங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் எங்கள் வீட்டு மாடியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். பாலக்கோடு, அரூர், கிருஷ்ணகிரி என்று பல ஊர்களிலிருந்து புதிதாக வந்து சேர்கிறவர்களில் யாராவது ஒருவர், ஓநாயின் மீதோ காட்டுப்பன்றியின் மீதோ ஏறி வரும் குட்டையான வில்லாளியை உருவாக்க வேண்டும் என்று கேட்காத மாதமே இல்லை. ஆட்டத்தை நடத்துகிறவன் என்ற முறையில் ஒரே ஐயங்களுக்குத் திரும்பத் திரும்ப விடை சொல்லி வந்ததால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். விடைகள் 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பு விதிகளைச் சார்ந்தவை. பின்னால் வந்த மாற்றங்களை உரிய இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஆட்டமே எனக்குப் புதுசு அண்ணா. ரேஞ்சர்னா யாரு, மவுண்ட்னா என்ன?

இந்த ஆட்டம் 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரின் ஆக்கமாக வெளிவந்தது. ஒருவர் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்) ஆக இருந்து கதையையும் எதிரிகளையும் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தாம் செய்ய நினைப்பதைச் சொல்லி, இருபது முகப் பகடையை உருட்டி அது பலித்ததா என்று பார்ப்பார்கள். ரேஞ்சர் என்பவர் காட்டை அறிந்த வீரர். தடம் பார்ப்பார், வில் எய்வார், அனுபவம் கூடக் கூட உயரும் நிலையான லெவலில் இரண்டை எட்டியதிலிருந்து சில மந்திரங்களும் செய்வார்.

மவுண்ட் என்பது ஏறிச் செல்லும் விலங்கு. முருகனுக்கு மயில் எப்படியோ அப்படி என்பதால் இத்தொகுப்பில் அதை வாகனம் என்றே எழுதுகிறேன்.

ஏறிப் போகணும்னா மனுஷனே குதிரையில போகலாமே, எதுக்குக் குட்டையான ஆள்?

விதி இதுதான்: ஏறுகிறவரைவிட வாகனம் குறைந்தது ஓர் அளவாவது பெரியதாக இருக்க வேண்டும், அதன் உடலமைப்பும் ஏறுவதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும், அதுவும் இணங்க வேண்டும். மனிதர் நடுத்தர அளவு என்பதால் அவருக்குப் பெரிய அளவு விலங்கு தேவைப்படுகிறது. குதிரை பத்தடிக்குப் பத்தடி, அதாவது வரைபடத்தில் நான்கு கட்டங்களை எடுத்துக்கொள்ளும். ஹாஃப்லிங், நோம் போன்ற கற்பனைக் குள்ள இனங்களைச் சேர்ந்த சிறிய அளவினரோ நடுத்தர விலங்கின் மீதே ஏறலாம். ஆளும் விலங்கும் சேர்ந்து ஐந்தடிக் கட்டம் ஒன்றில் அடங்கிவிடுவார்கள்.

இதன் அருமை வெட்டவெளியில் தெரியாது. எங்கள் கதை ஒன்றில் தொப்பூர் கணவாயைப் போன்ற ஒரு மலைவழியில் தொடங்கிய சண்டை, ஐந்தடி அகலக் குகைக்குள் போய் முடிந்தது. குதிரை வீரர் உள்ளே நுழைந்திருந்தால், குதிரை உடலை நெருக்கிக்கொண்டு, ஓர் அடி நகர இரண்டடி வேகத்தைச் செலவிட்டிருக்கும்; அதன் தாக்குதல்கள் தளர்ந்து, அதன் மீது விழும் அடிகள் எளிதாகியிருக்கும். அவர் குதிரையை வெளியே கட்டிவிட்டு நடந்தே போனார். ஓநாய் மீதிருந்த ஹாஃப்லிங் இறங்காமலே உள்ளே சென்றார். இந்தப் பாத்திரத்தின் உண்மையான வலிமை அதன் வில்லைவிட, மனிதர் போகும் எல்லா இடத்துக்கும் வாகனத்தோடு போக முடிவதில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

பிள்ளையார் மூஞ்சூறு மேலயே போறாரே, நாம ஏன் சின்ன விலங்கு மேல போகக் கூடாது?

ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி. முந்தைய விடையில் சொன்ன அளவு விதி இதைத் தடுக்கிறது. தெய்வங்களுக்கு அந்த விதி பொருந்தாது.

ஹாஃப்லிங் எடுக்கறதா, நோம் எடுக்கறதா?

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு திறன் எண்கள் உண்டு: ஸ்ட்ரெங்த் (வலிமை), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), கான்ஸ்டிட்யூஷன் (உடலுறுதி), இன்டெலிஜன்ஸ் (அறிவு), விஸ்டம் (விவேகம்), கரிஸ்மா (ஈர்ப்பு). வில்லாளிக்கு வேண்டிய டெக்ஸ்டெரிட்டி எண்ணில் ஹாஃப்லிங்குக்கு 2 கூடுதலாகக் கிடைக்கிறது. அதிலும் ஸ்டவுட் வகையினருக்குக் கான்ஸ்டிட்யூஷனில் 1 சேர்கிறது. நோமுக்கு இன்டெலிஜன்ஸில் 2 கிடைப்பது ரேஞ்சருக்கு அதிகம் பயன்படுவதில்லை. ஆனால் காட்டு நோமுக்கு டெக்ஸ்டெரிட்டியில் 1 உண்டு, சிறு விலங்குகளோடு எளிய கருத்துகளைப் பரிமாறும் இயல்பும் உண்டு. சண்டையைவிடக் கதையை விரும்புகிறவர்கள் நோமை எடுத்து மகிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதல்முறை ஆடுகிறவருக்கு ஹாஃப்லிங்கையே சொல்வேன். பகடையில் 1 விழுந்தால் மறுபடி உருட்டும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. வாகனத்திலிருந்து விழாமல் தப்பவும் அது உதவுகிறது. இருவருக்கும் நடை வேகம் 25 அடிதான். ஓநாயின் வேகம் 40 அடி என்பதால், ஏறியவுடன் அந்தக் குறை மறைந்துவிடும்.

15, 14, 13, 12, 10, 8 இருக்கு. எதை எங்க வைக்கறது?

இவை ஆறு திறன்களுக்கும் பிரித்துக் கொடுக்க விதிநூல் தரும் எண்கள். ஸ்டவுட் ஹாஃப்லிங்குக்கு 15ஐ டெக்ஸ்டெரிட்டியில் வைத்தால் 17 ஆகும். 13ஐக் கான்ஸ்டிட்யூஷனில் வைத்தால் 14 ஆகும். மந்திரங்களும் விலங்குகளைக் கையாளும் திறனும் விஸ்டமைச் சார்ந்தவை என்பதால் 14 அங்கே போகட்டும். 12ஐ ஸ்ட்ரெங்துக்கும், 10ஐ இன்டெலிஜன்ஸுக்கும், 8ஐக் கரிஸ்மாவுக்கும் கொடுங்கள். லெவல் தோறும் சராசரி எண்ணையே எடுத்துக்கொண்டால் மூன்றாம் லெவலில் 28 உயிர்ப்புள்ளிகள் இருக்கும். இரண்டாம் லெவலில் சண்டைப் பாணி தேர்ந்தெடுக்கும்போது ஆர்ச்சரியை எடுத்தால் அம்பின் குறியில் 2 கூடும்.

ரேஞ்சருக்கு ஆரம்பத்துலயே லாங்போ தர்றாங்களே, அதையே வச்சுக்கலாமா?

கூடாது. பலர் மூன்று நான்கு வாரம் ஆடிய பிறகே இதைக் கவனிக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். லாங்போ என்னும் நெடுவில் கனமான ஆயுதம். 2014 விதியில் சிறிய அளவினர் கனமான ஆயுதத்தால் தாக்கும்போது டிஸ்அட்வான்டேஜ் வரும், அதாவது இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். டி.எம். இடம் கேட்டு ஷார்ட்போ என்னும் குறுவில்லாக மாற்றிக்கொள்ளுங்கள். அதன் சேதம் ஆறுமுகப் பகடை, இயல்பான எல்லை 80 அடி. வேகமான வாகனம் இருப்பவருக்கு 80 அடி போதும்.

மூணாவது லெவல்லதான் விலங்குத் துணை வருமாமே. அதுவரைக்கும் நடந்தே போகணுமா?

விலங்குத் துணை என்பது மூன்றாம் லெவலில் பீஸ்ட் மாஸ்டர் என்ற பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது வருவது. அதற்கு முன்பே வாகனத்தை விலைக்கு வாங்கலாம். விதிநூலின் விலைப்பட்டியலில் மாஸ்டிஃப் என்னும் பெருநாய் 25 பொற்காசு, மட்டக்குதிரை 30 பொற்காசு. இரண்டும் நடுத்தர அளவு, 40 அடி வேகம்.

சுமையையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மாஸ்டிஃப் 195 பவுண்டு தாங்கும். ஹாஃப்லிங் ஏறக்குறைய 40, சேணம் 25, தோல் கவசம் 10, பயண மூட்டை 59, வில்லும் அம்பும் வாள்களும் எட்டுப் பவுண்டு என்று வைத்தாலும் மொத்தம் 142தான். ஆனால் அந்த நாய்க்கு 5 உயிர்ப்புள்ளிகளே உண்டு. இரண்டு அம்பில் வீழ்ந்துவிடும். முதல் இரண்டு லெவல்களில் பயணத்துக்கு அதன் மீது ஏறுங்கள், சண்டை தொடங்கியதும் இறங்கி அதைப் பின்னே அனுப்பிவிடுங்கள். ஏறவும் இறங்கவும் உங்கள் வேகத்தில் பாதி செலவாகும் என்பதை மறக்க வேண்டாம்.

துணைக்கு எந்த விலங்கு நல்லது? எல்லாரும் ஓநாய்னே சொல்றாங்க.

நடுத்தர அளவுக்கு மிகாத, சேலஞ்ச் ரேட்டிங் என்னும் வலிமை அளவு 1/4க்கு மிகாத விலங்கு எதையும் துணையாகக் கொள்ளலாம். ஓநாயைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எதிரிக்கு ஐந்தடிக்குள் தன் கூட்டாளி ஒருவர் இருந்தால் ஓநாய்க்கு அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடையில் பெரியதை எடுக்கும் உரிமை கிடைக்கும். முதுகில் இருக்கும் நீங்களே அந்தக் கூட்டாளி என்பதால், கடிக்கும் ஒவ்வொரு முறையும் அது கிடைக்கும். கடிபட்டவர் 11 என்ற இலக்கைத் தொடும் ஸ்ட்ரெங்த் சேவிங் த்ரோவில் (தப்புவதற்கான பகடை எறிதலில்) தவறினால் கீழே விழுவார்.

பாலக்கோட்டுப் பக்கம் கடலைக் காட்டைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போனதைப் பார்த்து வளர்ந்த நண்பர் ஒருவர் பன்றியைத்தான் கேட்டார். அதையும் நான் குறைவாக மதிக்கவில்லை. நேர்கோட்டில் இருபதடி பாய்ந்து முட்டினால் கூடுதலாக ஓர் ஆறுமுகப் பகடைச் சேதம் தரும். அதைவிட முக்கியமாக, 7 அல்லது அதற்குக் குறைவான சேதம் அதன் உயிரைப் போக்கும் நிலை வந்தால், 1 உயிர்ப்புள்ளியோடு நின்றுவிடும். ஓய்வெடுத்த பின் அந்த ஆற்றல் திரும்பி வரும். சிறுத்தையைப் போன்ற பாந்தருக்கு 50 அடி வேகமும், 40 அடி ஏறும் வேகமும் உண்டு. பாறைகளும் மரங்களும் நிறைந்த கதைக்கு அதுவே சிறந்தது.

பறக்கும் டெரனடான் பட்டியலின்படி தகுதி பெற்றாலும் அதை நான் பரிந்துரைப்பதில்லை. மூன்றாம் லெவலிலேயே ஒருவர் மட்டும் வானத்திலிருந்து எய்யத் தொடங்கினால் மற்ற ஆட்டக்காரர்களுக்கு வேலை குறைந்துவிடும். மேலும் அறுபதடி உயரத்தில் வாகனம் வீழ்ந்தால் உங்களுக்கு ஆறு ஆறுமுகப் பகடைச் சேதம் காத்திருக்கிறது.

நம்ம ஊர் எருதுவிடும் விழாக் காளை மாதிரி ஒண்ணு மேல ஏறினா எப்படி இருக்கும்?

கிருஷ்ணகிரியிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். காளை பெரிய அளவு விலங்கு என்பதால் பீஸ்ட் மாஸ்டரின் துணையாக வராது. டி.எம். ஒப்புக்கொண்டால் சாதாரண வாகனமாக வைத்துக்கொள்ளலாம். அளவு விதி குறைந்தபட்சத்தைத்தான் சொல்கிறது, பெரிய விலங்கைத் தடுப்பதில்லை. ஆனால் குகையைப் பற்றி மேலே சொன்ன நன்மை போய்விடும். ஆலம்பாடிக் காளையின் தோற்றம்தான் வேண்டும் என்றால், பன்றியின் எண்களை வைத்துக்கொண்டு அதைக் கன்றுப் பருவக் காளையாக வருணிக்கலாம். எங்கள் மேசையில் அப்படி ஒருவர் ஓராண்டு ஆடினார். கொம்பால் முட்டுவதற்குப் பன்றியின் பாய்ச்சல் விதி கச்சிதமாகப் பொருந்தியது.

ஏறி உட்கார்ந்த பிறகு விலங்கு என் பேச்சைக் கேட்குமா, அதுவா நடக்குமா?

இந்தத் தொகுப்பில் ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். பாத்திரத்தை எழுதும் முன்பே டி.எம். உடன் பேசி முடிக்க வேண்டியதும் இதுதான். விதிநூல் வாகனத்தை இரண்டு விதமாகப் பார்க்கிறது. கட்டுப்பாட்டில் இருக்கும் வாகனம் நீங்கள் சொன்ன திசையில் நகரும், சண்டையில் யார் எப்போது இயங்குவது என்று காட்டும் உங்கள் வரிசை எண்ணிலேயே இயங்கும். ஆனால் டேஷ், டிஸ்எங்கேஜ், டாட்ஜ் ஆகிய மூன்றை மட்டுமே செய்யும். அதாவது விரைந்து ஓடும், அடிபடாமல் விலகும், அடியைத் தவிர்க்கும்; கடிக்காது. தன்னிச்சையாக இயங்கும் வாகனம் எதையும் செய்யும், கடிக்கவும் செய்யும். ஏறுவதற்குப் பழக்கப்பட்ட விலங்கைத்தான் கட்டுப்படுத்த முடியும் என்றும் விதி சொல்கிறது. குதிரை, கழுதை போன்றவை பழக்கப்பட்டவையாகக் கொள்ளப்படும். காட்டு ஓநாயைப் பற்றி நூல் வாய் திறக்கவில்லை.

பீஸ்ட் மாஸ்டர் துணைக்குத் தனி விதி வேறு இருக்கிறது. உங்கள் சொல்லுக்கு அது நகரும், அதற்கு ஒரு முறையில் கிடைக்கும் முக்கியச் செயலான ஆக்‌ஷன் செலவில்லை. ஆனால் அது கடிக்கவோ விலகவோ உங்கள் ஆக்‌ஷனைக் கொடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகிறது. கட்டுப்பாட்டு வாகனமாகக் கொண்டால் ஓநாய் தன் செலவில் விலகி ஓட, நீங்கள் உங்கள் ஆக்‌ஷனில் அம்பு எய்யலாம். தன்னிச்சை வாகனமாகக் கொண்டால் ஓநாய் கடிக்கலாம். ஆனால் ஐந்தாம் லெவலை எட்டும் வரை அது கடிக்கும் சுற்றில் நீங்கள் எய்ய முடியாது.

எங்கள் மேசையில் நான் வைத்திருக்கும் ஏற்பாடு இது: கதைக் கணக்கில் ஒரு வாரம் பழக்கினால் துணை விலங்கு பழக்கப்பட்டதாகும். சண்டை தொடங்கும்போது எந்த விதம் என்று ஒருமுறை அறிவிக்க வேண்டும். அந்தச் சண்டை முடியும் வரை மாற்றக் கூடாது. சுற்றுக்குச் சுற்று மாற்ற விட்டால் ஒருவரே இரண்டின் நன்மையையும் எடுத்துக்கொள்வார், மற்றவர்களுக்கு அது நியாயமாகாது.

அப்போ கிட்ட ஓடி, அம்பு விட்டு, திரும்பி ஓடி வர முடியுமா?

கண்டிப்பாகப் படித்தால் 2014 விதியில் முடியாது. வாகனத்துக்கும் உங்களுக்கும் ஒரே வரிசை எண் இருந்தாலும் முறைகள் இரண்டு. அது முழுமையாக நகர்ந்த பின் நீங்கள் எய்யலாம், அல்லது நீங்கள் எய்த பின் அது நகரலாம். பல டி.எம். கள் இதைத் தளர்த்துகிறார்கள், நானும் தளர்த்துகிறேன். 2020ஆம் ஆண்டு வந்த ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ என்ற துணைநூலில் (இனி டாஷா நூல்) விலங்கு உங்கள் முறைக்குள்ளேயே இயங்கும் என்று எழுதியிருப்பதால், அந்த வகைத் துணையோடு ஓடி, எய்து, ஓடுவது தடையின்றி நடக்கும்.

விலகாமல் எதிரியின் அருகிலிருந்து வாகனம் ஓடினால் எதிரிக்கு ஓர் அடி கிடைக்கும். அந்த அடியை வாகனத்தின் மீதோ உங்கள் மீதோ, அவர் விரும்பியபடி போடலாம்.

ஓநாய் கடிச்சுக் கீழ தள்ளின ஆள அம்பால அடிச்சா லாபமா?

இல்லை. விழுந்து கிடப்பவரை ஐந்தடிக்குள் இருந்து தாக்கினால் அட்வான்டேஜ் உண்டு. ஆனால் விழுந்தவர் உங்களைப் பார்த்துக்கொண்டு ஐந்தடிக்குள் கிடக்கும்போது வில் எய்தால் டிஸ்அட்வான்டேஜும் வரும்; இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாதாரண எறிதலாகிவிடும். தள்ளிச் சென்று எய்தால் விழுந்தவர் மீது டிஸ்அட்வான்டேஜ் மட்டுமே மிஞ்சும். ஆகவே ஒரு ரேப்பியர் வாளையும் இடுப்பில் வைத்திருங்கள். அது டெக்ஸ்டெரிட்டியாலேயே இயங்கும், சேதம் எட்டுமுகப் பகடை.

வாகனம் இருக்கு, அப்புறம் லான்ஸ் எடுக்காம இருக்கலாமா?

ஏறியிருக்கும்போது லான்ஸ் என்னும் நீள ஈட்டியை ஒரு கையால் பிடிக்கலாம், சேதமும் பன்னிரண்டு முகப் பகடை. ஆனால் அது ஸ்ட்ரெங்த்தைச் சார்ந்த ஆயுதம். மேலே வைத்த எண்களின்படி உங்கள் ஸ்ட்ரெங்த் 12தான். ஐந்தடிக்குள் இருப்பவரைக் குத்தினால் டிஸ்அட்வான்டேஜும் உண்டு. வில்லாளிக்கு அது பொருந்தாது. ஈட்டியேந்திய ரேஞ்சரைத்தான் விரும்புகிறீர்கள் என்றால் 15ஐ ஸ்ட்ரெங்த்தில் வைத்துத் தொடக்கத்திலிருந்தே வேறு பாத்திரமாக எழுதுங்கள்.

மவுண்டட் காம்பேட்டன்ட் ஃபீட் எடுத்தே ஆகணுமா?

ஃபீட் என்பது சில லெவல்களில் திறன் எண்ணை உயர்த்துவதற்குப் பதில் எடுக்கக்கூடிய சிறப்புத் திறன். பெயரைப் பார்த்து உடனே எடுக்காதீர்கள். அதன் முதல் பயன், வாகனத்தைவிடச் சிறிய எதிரிகளை நெருங்கித் தாக்கும்போது அட்வான்டேஜ் தருவது. குதிரை மீதிருப்பவருக்கு மனித அளவு எதிரிகள் எல்லோரும் சிறியவர்கள். உங்கள் ஓநாயோ நடுத்தர அளவு என்பதால் கோப்ளின், கோபோல்டு போன்ற சிறியவர்கள் மீதுதான் அது பலிக்கும். மற்ற இரண்டு பயன்களுக்காக எடுக்கலாம்: வாகனத்தின் மீது விழும் அடியை உங்கள் மீது திருப்பலாம், தீப்பந்து போன்றவற்றுக்கு வாகனம் உருட்டும் டெக்ஸ்டெரிட்டி சேவிங் த்ரோ பலித்தால் அதற்குச் சேதமே இல்லை, தவறினால் பாதி. விலங்கின் உயிரைக் காப்பதே உங்கள் கவலை என்றால் இது நல்ல செலவு. நான்காம் லெவலில் டெக்ஸ்டெரிட்டியை உயர்த்திவிட்டு எட்டாம் லெவலில் இதை எடுப்பது என் விருப்பம்.

வாகனத்தை யாராவது தள்ளிவிட்டா நானும் விழுந்துடுவேனா?

வாகனத்தை அதன் விருப்பத்துக்கு மாறாக ஏதேனும் நகர்த்தினால் நீங்கள் 10 என்ற இலக்குக்கு டெக்ஸ்டெரிட்டி சேவிங் த்ரோ உருட்ட வேண்டும். மேலே சொன்ன ஹாஃப்லிங்குக்கு மூன்றாம் லெவலில் 5 கூடும் என்பதால் பகடையில் 5 விழுந்தாலே போதும். 1 விழுந்தால் மறு எறிதல் உண்டு என்பதையும் சேர்த்தால் விழும் வாய்ப்பு 16 விழுக்காடு. வாகனமே கால் இடறி வீழ்ந்தால், சுற்றுக்கு ஒருமுறை கிடைக்கும் உடனடி எதிர்வினையான ரியாக்‌ஷனைச் செலவழித்து நின்றபடி இறங்கலாம். அந்த ரியாக்‌ஷனை முன்பே செலவழித்திருந்தால் நீங்களும் விழுவீர்கள்.

என் ஓநாய் ஒவ்வொரு சண்டையிலயும் செத்துப் போகுது. நான் என்ன தப்பு பண்றேன்?

தவறு பெரும்பாலும் உங்களுடையது அன்று. 2014 விதியில் துணையின் உயிர்ப்புள்ளி, அதன் இயல்பான எண் அல்லது உங்கள் லெவலின் நான்கு மடங்கு, இவற்றில் பெரியது. மூன்றாம் லெவலில் ஓநாய்க்கு 12தான். அடிபடாமல் காக்கும் ஏ.சி. எண் 15. தோல் பார்டிங் என்னும் விலங்குக் கவசத்தால் ஓநாய்க்குப் பயனில்லை, அதன் இயற்கைக் காப்பே அதற்கு நிகரானது. டி.எம். ஒப்புக்கொண்டால் டாஷா நூலில் தரையில் வாழும் வகைத் துணை விலங்கை எடுங்கள்: மூன்றாம் லெவலில் 20, ஐந்தாம் லெவலில் 30 உயிர்ப்புள்ளிகள். நடுத்தர அளவு என்பதால் ஏறலாம். சும்மா இருந்தாலும் டாட்ஜ் செய்துகொண்டிருக்கும். முக்கியச் செயலுக்கு மேல் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன் கொடுத்தால் தாக்கும். எதிரியைக் குறிவைத்துக் கூடுதல் சேதம் தரும் ஹன்டர்ஸ் மார்க் மந்திரமும் அதே போனஸ் ஆக்‌ஷனைக் கேட்கும் என்பதால் முதல் சுற்றில் குறி வைத்து, அடுத்த சுற்றிலிருந்து விலங்கை ஏவுங்கள்.

செத்துட்டா அவ்வளவுதானா? வேற ஓநாய் எடுத்து அதே பேர் வைக்கலாமா?

2014 விதியில் செத்த துணை திரும்பாது. வேறொரு விலங்கோடு எட்டு மணி நேரம் பிணைப்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். டாஷாவின் துணை இறந்து ஒரு மணி நேரத்துக்குள் அதைத் தொட்டு, மந்திரம் செய்யும் வாய்ப்பான ஸ்லாட் ஒன்றைச் செலவழித்தால், ஒரு நிமிடத்தில் முழு உயிரோடு எழுந்துவிடும்.

பெயரைப் பற்றி விதி எதுவும் இல்லை. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. இறந்த வீரனோடு, கள்வர்களைக் கடித்த அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டு, கோவிவன் என்ற அதன் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த எங்கள் ஆட்டக்காரர் ஒருவர் தம் மாஸ்டிஃபுக்கு அந்தப் பெயரை வைத்தார். நாய் இறந்த பின் வந்த ஓநாய்க்கு வேறு பெயர் வைத்து, முகாமிட்ட இடத்தில் கோவிவனுக்குக் கல் நட ஒரு மாலை முழுவதையும் செலவிட்டார். அந்த மாலையில் யாரும் பகடையைத் தொடவில்லை, யாருக்கும் அலுக்கவும் இல்லை.

2024 புது விதிக்கு மாறினா இந்த ஆளை அப்படியே கொண்டு போகலாமா?

கொண்டு போகலாம், சில திருத்தங்களோடு. ஹாஃப்லிங், நோம் இருவரின் வேகமும் 30 அடி ஆகிவிட்டது. கனமான ஆயுதத் தடை உருவ அளவைப் பார்ப்பதில்லை. வில்லுக்கு டெக்ஸ்டெரிட்டி 13 இருந்தால் போதும் என்பதால் லாங்போவைத் தயங்காமல் எடுக்கலாம். துணை விலங்கின் ஏ.சி. உங்கள் விஸ்டமைச் சார்ந்து உயர்வதால், அந்த 14ஐக் குறைத்துவிடாதீர்கள். வாகனம் வீழ்ந்தால் ரியாக்‌ஷனால் தப்பும் வழி இல்லை. அங்கேயும் அதே 10 இலக்குக்கு உருட்ட வேண்டும். கட்டுப்பாட்டு வாகனமா, தன்னிச்சை வாகனமா என்ற கேள்வி புதிய நூலிலும் இருக்கிறது என்பதால், மாறும் முன் அதை மட்டும் உங்கள் டி.எம். இடம் மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள்.